நிரலைத் திருத்துவதும் நிரலரை உருவாக்குவதும்

அச்சுக்கூடத்தில் ஒரு புத்தகம் உருவாகும்போது முதலில் மெய்ப்பு எடுப்பது வழக்கம். அந்தத் தாளை நூலாசிரியர் படித்தால் மட்டும் போதாது. மெய்ப்புத் திருத்துவோர் ஒருவரும் படிக்கவேண்டும். ஏன்? ஆசிரியரின் கண் தாளில் உள்ளதைப் படிப்பதில்லை. தாம் எழுத நினைத்ததையே படிக்கிறது. எனவே விட்டுப்போன புள்ளியும் கொம்பும் அவருக்குத் தப்பிவிடுகின்றன. வேறொருவர் பார்வையில் அவை உடனே தென்படுகின்றன.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோருக்கும் இதே நிலைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. புத்தகத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் வாசகர் தாமே சரிசெய்து படித்துக்கொள்வார். கணிப்பொறிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. எழுதியது எதுவோ அதையே செய்யும். ஆகவே ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் வரிவரியாகப் படித்துக் குறைநிறை சொல்லும் முறை தோன்றியது. நிரலர்கள் இதை 'கோட் ரெவ்யூ' என்பர். நாம் நிரல் சரிபார்ப்பு என்று கூறலாம்.

இச்சரிபார்ப்பு பிழை பிடிக்கும் வேலை மட்டுமன்று. புதிதாக வந்த ஒருவரைத் தேர்ந்த நிரலராக்கும் பள்ளிக்கூடமும் அதுவே. சம்பளமில்லாத ஆசிரியர்களும் முகம் தெரியாத மாணவர்களும் கூடும் அந்தப் பள்ளிக்கூடம் எவ்வாறு நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

யார் வேண்டுமானாலும் படிக்கலாம்

பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் நிரலைப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. வாங்குவோர் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. இதற்கு மாறாக, மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையுடன் வெளியிடப்படுவது திறந்த மூல மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த 'குனு' திட்டம் இதற்கு அடித்தளமிட்டது. 1991இல் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் எழுதிய இயக்க அமைப்பின் கருநிரலை வெளியிட்டார். அதுவே லினக்ஸ். 'ஓப்பன் சோர்ஸ்', அதாவது திறந்த மூலம், என்ற பெயர் வழக்கத்துக்கு வந்தது 1998இல்.

இவையெல்லாம் ஏதோ தொலைவில் நடக்கும் செய்தி என்று எண்ணவேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இயங்குவது லினக்ஸ் கருநிரல்தான். உலகின் இணையச் சேவைக் கணிப்பொறிகளில் பெரும் பகுதியும் அதைக் கொண்டே இயங்குகிறது. இன்று அக்கருநிரலில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட வரிகள் உள்ளன. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் வழக்கமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றை அனுப்புவோரில் ஏறத்தாழ இருநூறு பேராவது முதன்முறையாகப் பங்களிப்பவர்கள்.

இங்கே ஒரு வினா எழுகிறது. எங்கோ இருக்கும் ஒரு மாணவர் அனுப்பும் நான்கு வரி, கோடிக்கணக்கான கைப்பேசிகளுக்குள் போகிறது. அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. நேர்முகத் தேர்வும் நடத்தவில்லை. எந்த நம்பிக்கையில் அவ்வரிகளை ஏற்கிறார்கள்? விடை, நிரல் சரிபார்ப்பு.

ஒரு திருத்தத்தின் பயணம்

திறந்த மூலத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பாளர்கள் இருப்பர். எந்த வரி உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்யும் பொறுப்பு இவர்களுடையது. புதியவர் நேரடியாக மூலநிரலில் கை வைக்க இயலாது. தம் கணிப்பொறியில் ஒரு படியை எடுத்து, அதில் மாற்றம் செய்து, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பவேண்டும். நீக்கிய வரிக்கு முன் கழித்தல் குறியும் சேர்த்த வரிக்கு முன் கூட்டல் குறியும் இருக்கும். இந்த வேறுபாட்டுப் பட்டியலுக்குப் 'பேட்ச்' என்று பெயர். கிழிந்த துணியில் போடும் ஒட்டு என்ற பொருளில் வந்த பெயர் அது.

லினக்ஸ் கருநிரலுக்கு இவ்வொட்டுகள் இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே செல்கின்றன. பைதான் மொழி போன்ற திட்டங்களில் இணையப் பக்கம் ஒன்றில் விண்ணப்பம்போல் சமர்ப்பிக்கப்படுகின்றன. வழி எதுவானாலும் முறை ஒன்றே. மாற்றத்துடன், இது ஏன் தேவை என்ற விளக்கமும் இருக்கவேண்டும். சரிபார்ப்பவர் வரிவரியாகப் படித்து ஓரக்குறிப்பு எழுதுவார். பங்களிப்பாளர் விடை சொல்வார் அல்லது திருத்தி மீண்டும் அனுப்புவார். இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு, சில சமயம் பத்தாம் பதிப்பு என்றுகூட இது நீளும். இருவரும் உடன்பட்ட பின்னரே பராமரிப்பாளர் அதை மூலநிரலில் இணைப்பார்.

லினக்ஸில் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் எழுதியவர் பெயர், தாம் அனுப்ப உரிமை உள்ளது என்பதற்கான ஒப்பம், சரிபார்த்தவர் குறிக்கப்பட்டிருந்தால் அவர் பெயர் ஆகியவை நிலையாகப் பதிவாகின்றன. இந்த ஒப்ப முறை 2004இல் ஏற்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு வரியைப் பார்த்து, 'இதை யார், எதற்காக எழுதினார், யார் ஒப்புக்கொண்டார்?' என்று கேட்டாலும் விடை கிடைக்கும். பாடநூலில் இல்லாத பல பாடங்கள் அந்தப் பதிவேட்டில் கிடக்கின்றன.

'மீனாட்சி'யை வெட்டலாமா?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பயணச்சீட்டு அச்சிடும் மென்பொருள் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பெயர் நீளமாக இருந்தால் கட்டத்தைத் தாண்டி அச்சாகிறது என்பது குறை. கல்லூரி மாணவி ஒருவர், பெயரின் முதல் ஏழு குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டும் சிறு நிரலை எழுதி அனுப்புகிறார். ஆங்கில எழுத்தில் உள்ள பெயர்களைக் கொடுத்துச் சோதித்தும் பார்த்துவிட்டார். சரியாக இருக்கிறது.

இப்போது 'மீனாட்சி' என்ற பெயரைத் தமிழில் கொடுத்தால் என்ன ஆகும்? நம் கண்ணுக்கு அதில் நான்கு எழுத்துகளே உள்ளன. ஆனால் யூனிகோடு முறையில் கணிப்பொறி அதை எட்டுக் குறிகளாகச் சேமிக்கிறது: ம, ஈகாரக் குறி, ன, ஆகாரக் குறி, ட, புள்ளி, ச, இகரக் குறி. ஏழாவது குறியில் வெட்டினால் 'மீனாட்ச' என்று அச்சாகும். ஐந்தாவதில் வெட்டினால் 'மீனாட' என்றாகிவிடும். கட்டத்துக்குள் அடங்கக்கூடிய நான்கெழுத்துப் பெயர் காரணமின்றிச் சிதைகிறது.

சரிபார்ப்பவர் இதைக் கண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மூன்று வகையாகப் பதில் எழுதலாம்.

முதல் வகை: "இது தவறு. தமிழுக்கு வேலை செய்யாது. நிராகரிக்கிறேன்." பிழை உள்ளே வராமல் தடுத்தாயிற்று. ஆனால் எது தவறு, ஏன் தவறு என்று அந்த மாணவிக்குத் தெரியவில்லை. அவர் மறுபடி வரப்போவதுமில்லை.

இரண்டாம் வகை: சரிபார்ப்பவர் தாமே சரியான நிரலை எழுதி இணைத்துவிட்டு நன்றி சொல்லிவிடுவது. பார்ப்பதற்கு இது பெருந்தன்மை. வேலையும் விரைவில் முடியும். ஆனால் மாணவிக்குக் கிடைத்தது விடைத்தாள், பாடமன்று. அடுத்த முறையும் அதே பிழையுடன் வருவார்.

மூன்றாம் வகை: "பெயரை வெட்டும் வேலையைத் தனி நிரலாகப் பிரித்தது நல்லது, சோதிப்பதற்கு எளிதாகிறது. 'மீனாட்சி' என்ற பெயரைக் கொடுத்து என்ன வருகிறது என்று பாருங்களேன். அதையே ஒரு சோதனையாகவும் எழுதிச் சேருங்கள். நாம் எண்ண வேண்டியது குறிகளையா, எழுத்துகளையா? யூனிகோடு தரத்தின் 29ஆம் இணைப்பு இதை விளக்குகிறது."

மூன்றாம் பதிலில் என்ன நடந்தது என்று கவனியுங்கள். நல்லதை நல்லது என்று காரணத்தோடு சொல்லியாயிற்று. பிழையைச் சொல்லவில்லை, பிழை வெளிப்படும் சோதனையைச் சொல்லியாயிற்று. விடையைத் தரவில்லை, விடை இருக்கும் இடத்தைக் காட்டியாயிற்று. மாணவி தாமே செய்து பார்த்து, 'மீனாட்ச' என்ற விந்தையைத் தம் கண்ணால் காண்பார். எழுத்து வேறு, குறி வேறு என்ற உண்மையை இனி அவர் மறக்கமாட்டார். நாளை வேறொரு புதியவர் அதே பிழையைச் செய்தால் சுட்டிக்காட்டுபவர் இவராகவே இருப்பார்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான். வெர்னியர் அளவியில் அளவு எடுத்த மாணவரிடம் "உன் விடை தவறு" என்பதைவிட, "தாடைகளை மூடி வைத்தால் அளவி என்ன காட்டுகிறது?" என்று கேட்பது மேல். சுழிப்பிழையை அவரே கண்டுபிடிப்பார்.

இயந்திரத்தின் வேலை, மனிதரின் வேலை

நிரலை வரிவரியாகப் படித்து ஆராய்வதை ஒழுங்கான முறையாக வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன். 1976இல் அவர் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. சிலர் கூடி உட்கார்ந்து, ஆளுக்கொரு பொறுப்பேற்று, பட்டியல் வைத்துக்கொண்டு ஆராயும் முறை அது. இன்றைய சரிபார்ப்பு அவ்வளவு சடங்கு நிறைந்ததன்று. அவரவர் வசதியான நேரத்தில் படித்துக் குறிப்பெழுதுகிறார்கள்.

ஆனால் நோக்கம் விரிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவன நிரலர்களிடையே நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு சுவையான செய்தி ஒன்றைக் கூறுகிறது. சரிபார்ப்பு எதற்கு என்று கேட்டால் "பிழை பிடிக்க" என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். எழுதப்பட்ட குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, பிழையைப் பற்றியவை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. அறிவு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்வதும், யார் என்ன செய்கிறார் என்று குழுவினர் அறிவதும், வேறு நல்ல வழிகள் புலப்படுவதும் பெரிய பயன்களாக இருந்தன. புதியவர் எழுதியதை மூத்தவர் படிக்கும்போது மட்டுமன்று, மூத்தவர் எழுதியதைப் புதியவர் படிக்கும்போதும் இந்த அறிவு பாய்கிறது.

எனவே, இயந்திரம் செய்யக்கூடிய வேலையை இயந்திரத்திடமே விட்டுவிடுவது சிறந்தது. வரி தொடங்கும் இடம், இடைவெளி, அடைப்புக்குறி போன்றவற்றைச் சரிபார்க்கத் தானியங்கிக் கருவிகள் உண்டு. லினக்ஸுக்கென்றே 'செக்பேட்ச்' என்ற கருவி இருக்கிறது. "இங்கே ஓர் இடம் விடவில்லை" என்று கருவி சொன்னால் யாருக்கும் மனம் நோவதில்லை. அதையே ஒரு மனிதர் இருபது இடத்தில் குறிப்பெழுதிச் சொன்னால் புதியவர் சோர்ந்துபோவார்; உண்மையான பிழையும் அந்த இருபதுக்குள் மறைந்துபோகும். நிரலின் நோக்கம் சரியா, எளிய வழி உண்டா, ஆறு மாதம் கழித்து வேறொருவர் படித்தால் விளங்குமா என்பவையே மனிதர் கேட்கவேண்டிய கேள்விகள்.

நல்ல ஆசானின் இலக்கணம்

அனுபவமுள்ள பராமரிப்பாளர்கள் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களைத் தொகுத்துப் பார்ப்போம்.

முதலாவது, சிறியதில் தொடங்குவது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லா திட்டத்தில் 'முதல் பிழைக்கு ஏற்றது' என்று சில வேலைகளுக்கு அடையாளமிட்டு, வழிகாட்டி ஒருவரின் பெயரையும் சேர்த்து வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. பின்னர் வேறு பல திட்டங்களும் இதைப் பின்பற்றின. லினக்ஸில் இன்னும் மெருகேறாத நிரல்களுக்கென 2008இல் தனிப் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. நீச்சல் பழகுவோர்க்கு ஆழமில்லாத படித்துறைபோல் அது புதியவர்களுக்கும் பயன்பட்டு வருகிறது.

மாற்றம் சிறிதாக இருப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. சிஸ்கோ நிறுவனத்தில் நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஒரே அமர்வில் 200 முதல் 400 வரிகளுக்கு மேல் படித்தால் பிழை காணும் திறன் குறைகிறது என்று கண்டது. பத்து வரி கொடுத்தால் பத்துக் குறை சொல்வார்கள். ஆயிரம் வரி கொடுத்தால் 'நன்று' என்று ஒப்பமிடுவார்கள் என்று நிரலர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இரண்டாவது, காலம் தாழ்த்தாமை. மோசில்லா திட்டத்தினர் தங்கள் பதிவுகளை ஆராய்ந்தபோது, முதல் திருத்தத்துக்கு 48 மணி நேரத்துக்குள் பதில் பெற்றவர்கள் மீண்டும் வந்து பங்களிப்பது மிக அதிகமாயிருந்தது. ஏழு நாளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தவர்களில் திரும்பி வந்தவர் அநேகமாக இல்லை. கடுமையான பதிலைவிட மௌனமே அதிகம் பேரை விரட்டுகிறது எனலாம். "பார்த்தேன், ஞாயிறன்று விரிவாக எழுதுகிறேன்" என்ற ஒரு வரிகூடப் போதும். ரஸ்ட் மொழித் திட்டத்தில், புதிய திருத்தம் வந்தவுடன் ஒரு தானியங்கி நிரல் வரவேற்புச் சொல்லிச் சரிபார்ப்பவர் ஒருவரை ஒதுக்கிவிடுகிறது.

மூன்றாவது, கட்டாயத்தையும் விருப்பத்தையும் பிரித்துச் சொல்வது. "இதைத் திருத்தாமல் இணைக்க முடியாது" என்பது ஒன்று. "நானாக இருந்தால் இப்படிப் பெயரிடுவேன், உங்கள் விருப்பம்" என்பது வேறொன்று. இரண்டையும் ஒரே குரலில் சொன்னால் புதியவருக்கு எது சட்டம், எது சுவை என்று தெரியாது.

நான்காவது, நிரலைப் பற்றிப் பேசுவது. ஆளைப் பற்றிப் பேசாதிருப்பது. "நீங்கள் இதை மறந்துவிட்டீர்கள்" என்பதைவிட "பட்டியல் காலியாக இருந்தால் இவ்வரி நின்றுவிடும்" என்பது தெளிவானது. அதில் காரணமும் இருக்கிறது, காயமும் இல்லை.

ஐந்தாவது, படிப்படியாகப் பொறுப்பை ஒப்படைப்பது. தொடர்ந்து நல்ல திருத்தங்கள் அனுப்புபவரிடம், பிறருடைய திருத்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு கேட்பார்கள். அதிலும் தேறியவருக்கு நாளடைவில் இணைக்கும் உரிமை கிடைக்கும். அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்கள் இந்த ஏணி முறையில்தான் நடக்கின்றன.

இவ்வழிகாட்டலுக்கெனவே தனி ஏற்பாடுகளும் உண்டு. கூகிள் நிறுவனம் 2005இல் தொடங்கிய 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில், புதியவர்கள் உதவித்தொகையுடன் ஒரு வழிகாட்டியின் கீழ்ச் சில மாதங்கள் திறந்த மூலத் திட்டத்தில் பணியாற்றுகிறார்கள். இந்திய மாணவர்கள் பலர் இதில் பங்கு பெற்றிருக்கின்றனர். 'அவுட்ரீச்சி' என்ற மற்றொரு திட்டம், இத்துறையில் போதிய இடம் கிடைக்காத பெண்களுக்கும் பிறருக்கும் இத்தகைய வாய்ப்பை அளித்து வருகிறது.

சொல்லால் சுட்ட வடு

எல்லாச் சரிபார்ப்பும் இனிமையாக நடந்ததாக நினைக்கவேண்டாம். லினக்ஸ் கருநிரலின் விவாதங்கள் நெடுங்காலம் கடுமைக்குப் பெயர் பெற்றிருந்தன. தரக்குறைவான நிரலைக் கண்டால் டோர்வால்ட்ஸ் கோபத்தை மறைத்ததில்லை. கடுமையால்தான் தரம் காக்கப்படுகிறது என்று சிலர் வாதிட்டனர். அந்தச் சூழல் பிடிக்காமல் திறமையுள்ள சிலர் விலகியும் போனார்கள்.

2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் நடத்தைக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் பணியிலிருந்து ஒதுங்கியிருந்தார். அதே சமயம் அத்திட்டம் புதிய நடத்தை நெறி ஒன்றையும் ஏற்றது. அதனால் நிரலின் தரம் தாழ்ந்துவிடவில்லை. மோசமான திருத்தங்கள் இன்றும் மறுக்கப்படுகின்றன. மறுப்பதற்கு வசை தேவையில்லை என்பதே இதிலிருந்து பெறும் செய்தி. தேர்வுத்தாளில் சுழி போடும் ஆசிரியர் மாணவரைத் திட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லையே!

கேட்கப்படாத ஒரு கேள்வி

சரிபார்ப்பு தவறினால் என்ன நேரும்? 'ஹார்ட்பிளீட்' நிகழ்ச்சி இதற்குச் சான்று. இணையத்தில் செய்தியை மறைபொருளாக்கி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளில் ஏற்பட்ட பிழை அது.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்கு அவ்வப்போது ஒரு சொல்லை அனுப்பும். "'மரம்' என்பது மூன்றெழுத்துச் சொல், திருப்பிச் சொல்" என்று கேட்டால், மறுமுனையும் 'மரம்' என்று சொல்லவேண்டும். குறும்பன் ஒருவன், "'மரம்' என்பது அறுபதாயிரம் எழுத்துச் சொல், திருப்பிச் சொல்" என்று கேட்டால்? அந்நிரல் நீளத்தைச் சரிபார்க்கவில்லை. 'மரம்' என்று சொல்லிவிட்டு, நினைவகத்தில் அதற்கு அடுத்தாற்போல் கிடந்த அனைத்தையும் சேர்த்து ஒப்பித்தது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 64 கிலோபைட் வரை இவ்வாறு கசியும். அதில் பிறருடைய கடவுச்சொல் இருக்கலாம். இரகசியத் திறவுகோலே இருக்கலாம்.

இதை அனுப்பியவர் அப்போது ஓர் ஆய்வு மாணவர். குழுவைச் சேர்ந்த அனுபவசாலி ஒருவர் சரிபார்த்தே ஏற்றார். 2011 டிசம்பர் 31 அன்று உள்ளே வந்த பிழை, 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் உலகெங்கும் பரவி, 2014 ஏப்ரல் 7 அன்றுதான் வெளிப்பட்டது. "எதிரில் இருப்பவர் சொல்லும் நீளம் பொய்யாக இருந்தால்?" என்ற ஒற்றைக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால், சில வரிகளில் தீர்ந்திருக்கும் சங்கதி அது.

குற்றம் மாணவருடையதா? அவர் செய்தது யாரும் செய்யக்கூடிய பிழை. உலகமே நம்பியிருந்த ஒரு மென்பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பராமரித்தார்கள் என்பதே பெருங்குறை. படிக்க ஆளில்லாத இடத்தில் நிரல் திறந்து கிடந்து என்ன பயன்? இந்நிகழ்ச்சிக்குப் பின், இத்தகைய அடிப்படை மென்பொருள்களுக்குப் பொருளுதவி செய்ய லினக்ஸ் அறக்கட்டளை 2014இலேயே ஒரு முயற்சியைத் தொடங்கியது.

நம்பிக்கையைத் திருடியவர்

ஹார்ட்பிளீட் கவனக்குறைவால் நேர்ந்தது. 2024இல் வெளிப்பட்டதோ திட்டமிட்ட வஞ்சகம். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்.' என்ற மென்பொருளை நெடுங்காலமாக ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். 2021இல் புதிய பங்களிப்பாளர் ஒருவர் வந்தார். நல்ல திருத்தங்களை அனுப்பினார். பணிவாகப் பதில் சொன்னார். இதற்கிடையில் வேறு சில பெயர்களில், "வேலை தாமதமாகிறது, பொறுப்பை மற்றவரிடம் கொடுங்கள்" என்று பராமரிப்பாளருக்கு நெருக்கடி வந்தது. களைத்திருந்த அவர், புதியவருக்கு உரிமைகளை வழங்கினார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 என்ற இரு பதிப்புகளில், கணிப்பொறிக்குள் கள்ளத்தனமாக நுழைய வழி செய்யும் நிரல் மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

அது எங்கே மறைந்திருந்தது என்பது கவனத்துக்குரியது. சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில், மனிதர் படிக்க இயலாத வடிவில் அது இருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகள் பொதுவில் உள்ள மூலநிரலில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியில் மட்டுமே இருந்தன. அதாவது, சரிபார்ப்பவர் கண் படாத இடம் பார்த்து வைக்கப்பட்டது.

ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தம் கணிப்பொறியில் தொலைநுழைவுக்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். அந்த அரை வினாடிக்குக் காரணம் தேடிப் போய் இந்த வஞ்சகத்தைக் கண்டுபிடித்து, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களின் நிலைத்த பதிப்புகளுக்குள் அது செல்லுமுன் தடுக்கப்பட்டது. சிறு வேறுபாட்டையும் அலட்சியம் செய்யாமை அறிவியல் மாணவர்க்கு எவ்வளவு இன்றியமையாத பண்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதனால் புதியவர் யாரையும் நம்பக்கூடாது என்று முடிவு கட்டலாமா? கூடாது. அப்படி முடிவு கட்டினால் பராமரிப்பாளர்கள் தனித்தே இருப்பார்கள். தனித்திருந்ததால்தானே இந்த வஞ்சகம் பலித்தது! ஆளை நம்பினாலும், அவர் நிரலைப் படிப்பதை நிறுத்தலாகாது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவர் எழுதியதையும் வேறொருவர் படிக்கவேண்டும். அன்போடு வரவேற்பதும் விழிப்போடு படிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

புதிய சிக்கல்

அண்மையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் நிரல் எழுதித் தருகின்றன. தாமே புரிந்துகொள்ளாத நிரலைக் கருவியிடமிருந்து பெற்று அப்படியே அனுப்புவோரும் இருக்கிறார்கள். அனுப்புபவருக்கு ஒரு நிமிடம். படிப்பவருக்கோ ஒரு மணி நேரம். பராமரிப்பாளர்களின் நேரம் இவ்வாறு வீணாவது பெரும் முறையீடாகியுள்ளது. கருவியைப் பயன்படுத்துவது தவறன்று. ஆனால் "இவ்வரி ஏன்?" என்று கேட்டால் தம் சொல்லில் விடை கூற முடியாதவர், அந்நிரலுக்குப் பொறுப்பேற்கவும் முடியாது. கேள்விக்கு விடை சொல்லும் முயற்சியில்தான் கற்றல் நிகழ்கிறது. அதைக் கருவியிடம் ஒப்படைத்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

மாணவர்களுக்கு

இதைப் படிக்கும் மாணவர் ஒருவர் தாமும் இப்பள்ளியில் சேர விரும்பினால் தேர்வோ கட்டணமோ இல்லை. தாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். அதன் பங்களிப்பு விதிகளை முதலில் படிக்கட்டும். எழுதத் தொடங்குமுன், பிறர் அனுப்பிய பத்துத் திருத்தங்களையும் அவற்றின்மீது நடந்த உரையாடல்களையும் படிப்பது மிகுந்த பயன் தரும். பிறகு விளக்கக் குறிப்பிலுள்ள ஒரு பிழையையோ, விட்டுப்போன ஒரு சோதனையையோ சரிசெய்து அனுப்பலாம். தமிழில் அந்த மென்பொருள் ஒழுங்காக இயங்குகிறதா என்று சோதிப்பதும் நல்ல தொடக்கமே. 'மீனாட்சி' சிதைவதைக் கண்டுபிடிக்க நம்மைவிடத் தகுதியுடையவர் யார்?

பதிலில் இருபது குறை இருந்தால் திகைக்கவேண்டாம். இருபது இடத்தில் ஒருவர் நேரம் செலவிட்டு உங்கள் எழுத்தைப் படித்திருக்கிறார் என்று பொருள். புரியாததைக் கேளுங்கள். உடன்படாததற்குக் காரணம் காட்டி மறுத்துப் பேசுங்கள். காரணம் சரியானால் ஏற்பார்கள். திருத்தி மீண்டும் அனுப்புங்கள். ஒருநாள் உங்கள் நான்கு வரி இணைக்கப்படும். அதன் அடியில் உங்கள் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் சேர்ந்தே நிற்கும். அதற்குப் பின் வேறொரு புதியவரின் முதல் திருத்தம் உங்கள் பார்வைக்கு வரும்போது, அவருக்கு இரண்டு நாளுக்குள் பதில் எழுதிவிடுங்கள்.